பிறர் எழுதிய நிரலைக் கையில் எடுக்கும்போது எந்தக் கருவி? மூலநிரல் பகுப்பாய்வு, ஆவணமாக்கக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த, மூன்று லட்சம் வரிகள் கொண்ட சி, சி++ மூலநிரல் ஒன்று புதிய குழுவிடம் வந்து சேர்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருக்கும் ஆவணமோ எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதே தெரியாத ஒற்றைக் கோப்பு. முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர், ‘டாக்சிஜெனை ஓட்டினால் ஆவணம் தானாக வந்துவிடுமே’ என்பார். ஓட்டுகிறார்கள், சில ஆயிரம் எச்டிஎம்எல் பக்கங்கள் உருவாகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் செயற்கூற்றின் பெயரும், அது ஏற்கும் உள்ளீடுகளும், திருப்பித் தரும் மதிப்பின் வகையும் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன; விளக்கம் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கங்களை யாரும் திறப்பதில்லை.

இதில் கருவியின் மீது பிழை சொல்ல எதுவும் இல்லை. ஆவணமாக்கக் கருவி எதையும் புதிதாக எழுதித் தருவதில்லை. நிரலுக்குள் யாரோ எழுதிவைத்த குறிப்புரைகளைத் திரட்டி, வரிசைப்படுத்தி, இணைப்புகளோடு காட்டுவதே அதன் வேலை. எதுவும் எழுதப்படாத நிரலுக்கு அது வெற்று அலமாரியைத்தான் காட்ட முடியும். அந்தக் குழுவுக்கு முதல் மாதத்தில் வேண்டியிருந்தது ஆவணமே அல்ல. இந்தச் செயற்கூற்றை யார் யார் அழைக்கிறார்கள், இந்த மாறியின் மதிப்பை எந்தெந்த இடங்களில் மாற்றுகிறார்கள் என்ற கேள்விகளுக்கு நொடியில் விடை வேண்டியிருந்தது. அது வேறு வகைக் கருவியின் வேலை.

விளம்பரப் பக்கங்களைப் படித்தால் எல்லாக் கருவிகளும் ‘நிரலைப் புரிந்துகொள்ள உதவுபவை’ என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். நடைமுறையில் தேவைகள் வேறு வேறு. ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கே பயன்படுகிறது என்று தேடிப் பிடிப்பது ஒன்று. எந்தப் பகுதி எதைச் சார்ந்திருக்கிறது என்ற ஒட்டுமொத்த அமைப்பைப் பார்ப்பது இன்னொன்று. நிரலை ஓட்டாமலேயே பிழைகளைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. வெளியே இருந்து பயன்படுத்துபவருக்கு விளக்குவது நான்காவது. நான்கையும் ஒரே கருவியிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் தொடங்குகிறது. ஆனால் இந்த நான்கையும் விட முக்கியமாக, எந்தக் கருவியைத் தேர்வதற்கும் முன்பு விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நிரல் உங்கள் கணினியில் கம்பைல் ஆகிறதா, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறதா?

எவ்வளவு ஆழமாக வாசிக்கிறது?

ஒரு கருவி நிரலை மூன்று விதமாக வாசிக்கலாம். வெறும் எழுத்துகளாக வாசிப்பது முதல் விதம். கோப்புகளில் சொல்லைத் தேடும் கிரெப் கருவி அதைத்தான் செய்கிறது. மொழியின் இலக்கணத்தைத் தோராயமாக அறிந்து, இது செயற்கூறு, இது மாறி என்று பிரித்தறிவது இரண்டாவது. சிடேக்ஸ், சிஸ்கோப், இயல்பான அமைப்பில் டாக்சிஜென் ஆகியவை இந்த வகை. கம்பைலர் எப்படி வாசிக்கிறதோ அப்படியே, ஹெடர் கோப்புகளை (பல கோப்புகள் பகிரும் அறிவிப்புகளை) சேர்த்து, மேக்ரோக்களை (கம்பைலுக்கு முன் வேறு நிரல் வரிகளாக விரியும் சுருக்கப் பெயர்களை) விரித்து, ஒவ்வொரு பெயரின் வகையையும் தீர்மானித்து வாசிப்பது மூன்றாவது; கிளாங் என்ற கம்பைலரின் மீது கட்டப்பட்ட கிளாங்டி, கிளாங்-டைடி ஆகியவை அப்படி வாசிக்கின்றன.

இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் இருப்பதல்ல என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். உணரிகளோடு பேசும் பழைய சி நிரல்களில் ஒரு வழக்கம் உண்டு: ‘டெம்ப்’ போன்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு, அதன் முன்னால் வேறு சொற்களை ஒட்டி, ‘ரீட்_டெம்ப்’, ‘ரைட்_டெம்ப்’, ‘ரீசெட்_டெம்ப்’ என்று மூன்று செயற்கூறுகளை உண்டாக்கும் மேக்ரோ ஒன்றை எழுதிவிட்டு, பத்து உணரிகளுக்குப் பத்து வரிகளில் அதை அழைப்பார்கள். முப்பது செயற்கூறுகள் பிறந்துவிட்டன. ஆனால் ‘ரீட்_டெம்ப்’ என்ற வரையறை எந்தக் கோப்பிலும் எழுத்தாக இல்லை. கிரெப்பில் தேடினால் அதை அழைக்கும் இடங்கள் கிடைக்கும், பிறந்த இடம் கிடைக்காது. சிடேக்ஸும் இயல்பான அமைப்பில் கைவிரித்துவிடும். டாக்சிஜெனில் மேக்ரோக்களை விரிக்கும் அமைப்பு இருக்கிறது, ஆனால் நீங்களாக இயக்காவிட்டால் அது விரிக்காது. கிளாங்டியோ மேக்ரோவை அழைத்த அந்த வரிக்கே உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும், ஏனென்றால் அது கம்பைலரின் கண்ணால் பார்க்கிறது.

அப்படியானால் எப்போதும் மூன்றாம் வகையையே தேர்ந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால், எந்த ஹெடர் பாதைகளோடு, எந்த மேக்ரோ வரையறைகளோடு கம்பைல் செய்யப்படுகிறது என்பதைக் கருவிக்குச் சொல்ல வேண்டும். இதற்கென்று ஜேசன் வடிவில் ஒரு கட்டளைப் பட்டியல் உண்டு. கம்பைல் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக் கருவியைப் பயன்படுத்தும் நிரல் என்றால் ஒரு அமைப்பை இயக்கினாலே அந்தப் பட்டியல் உருவாகிவிடும். அதே வேலைக்கான பழைய மேக்ஃபைல் என்றால், கரடியைக் குறிக்கும் ‘பேர்’ என்ற பெயர் கொண்ட சிறு கருவியின் வழியாக ஒருமுறை முழுமையாகக் கம்பைல் செய்தால், நடந்த ஒவ்வொரு கம்பைலர் அழைப்பையும் அது கவனித்துப் பட்டியலாக்கித் தரும்.

தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒன்று இங்கே இருக்கிறது. இந்த ஒரே பட்டியலைத்தான் கிளாங்டி தேடலுக்குப் பயன்படுத்துகிறது. அதையே கிளாங்-டைடி பிழை காண்பதற்குப் பயன்படுத்துகிறது. பிழை காணும் இன்னொரு கருவியான சிபிபிசெக்கும் அதை உள்ளீடாக ஏற்கிறது. கிளாங் துணையோடு வாசிக்கும்படி உருவாக்கப்பட்ட டாக்சிஜெனுக்கும் அதையே கொடுக்கலாம். எனவே, எந்தக் கருவி சிறந்தது என்ற விவாதத்தில் முதல் வாரத்தைக் கழிப்பதைவிட, இந்தப் பட்டியலைச் சரியாக உருவாக்குவதில் அதைச் செலவிடுவது எவ்வளவோ மேல். அதன் பிறகு கருவியை மாற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும்.

தேடிப் பிடிக்கும் கருவிகள்

இந்தப் பிரிவில் போட்டியாளர்கள் மிகப் பழையவர்களும் மிகப் புதியவர்களுமாக இருக்கிறார்கள். சிஸ்கோப் பெல் ஆய்வகத்தில் பிறந்து 2000-ஆம் ஆண்டில் திறமூலமாக வெளியானது. ஒரு செயற்கூற்றை அழைப்பவை எவை, அது அழைப்பவை எவை, ஒரு கோப்பை உள்ளடக்கும் கோப்புகள் எவை என்ற கேள்விகளுக்கு அது இன்றும் திரையில் சட்டென்று விடை சொல்கிறது. சி மொழிக்காகவே எழுதப்பட்டது; சி++ நிரலைக் கொடுத்தால் அரைகுறையாகவே புரிந்துகொள்ளும். சிடேக்ஸின் நீண்ட காலக் கிளையான எக்ஸூபரன்ட் சிடேக்ஸ் 2009-இல் வந்த 5.8 பதிப்போடு நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிந்த யுனிவர்சல் சிடேக்ஸ் பல மொழிகளுக்கும் பெயர்ப் பட்டியல் எடுத்துத் தருகிறது. சிடேக்ஸிடம் வரையறை எங்கே என்று கேட்கலாம். யார் அழைக்கிறார்கள் என்று கேட்பதற்கு சிஸ்கோப்தான் பொருத்தம்.

மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறைக்குப் பிறகு நிலைமை மாறியது. முன்பு ஒவ்வோர் எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகத் துணைநிரல் எழுதிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு மொழிக்கு ஒரு சேவையகம் இருந்தால் அந்த நெறிமுறையைப் பேசும் எந்த எடிட்டரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். சி, சி++ மொழிகளுக்கான கிளாங்டி அத்தகைய சேவையகம். ஒரே பெயரில் மூன்று கிளாஸ்களில் செயற்கூறுகள் இருந்தாலும், நீங்கள் சுட்டும் வரியில் அழைக்கப்படுவது எது என்பதை அது குழப்பமின்றிச் சொல்லும். சிடேக்ஸோ மூன்றையும் காட்டி உங்களையே தேர்ந்துகொள்ளச் சொல்லும்.

ஆனால் கம்பைல் ஆகாத நிரலின் முன்னால் கிளாங்டி தடுமாறுகிறது. குறிப்பிட்ட ஒரு சிப்புக்கென்று ஒரு நிறுவனம் தந்த கம்பைலர், அதன் சொந்த விரிவாக்கச் சொற்கள், இப்போது கிடைக்காத ஹெடர் கோப்புகள் என்றிருக்கும் நிரலைத் திறந்தால் சிவப்புக் கோடுகளே திரையை நிறைக்கும். வரையறைக்குத் தாவும் வசதி பாதி இடங்களில் வேலை செய்யாது. சிடேக்ஸுக்கும் சிஸ்கோப்புக்கும் இந்தக் கவலையே இல்லை. கோப்பு வட்டில் இருந்தால் போதும், எப்படியோ படித்துப் பட்டியல் போட்டுவிடும். எனவே என் முடிவு எளிது: கம்பைல் ஆகிறதென்றால் கிளாங்டி, ஆகவில்லையென்றால் சிடேக்ஸும் சிஸ்கோப்பும் சேர்ந்து. முன்னதை நிறுவியவர்களும் பின்னதை அழித்துவிட வேண்டாம் என்பேன், ஏனெனில் நிபந்தனைக் கம்பைலின் காரணமாக, அதாவது சில வரிகள் குறிப்பிட்ட அமைப்பில் மட்டுமே கம்பைல் ஆவதால், உங்கள் கட்டமைப்பில் விலக்கப்பட்ட பகுதிகளைக் கிளாங்டி மங்கலாக்கிக் காட்டும், அவற்றின் உள்ளே தேடாது. சிடேக்ஸ் அங்கேயும் நுழைந்து பார்க்கும்.

பல நிரல் களஞ்சியங்களைப் பலர் உலாவியில் தேட வேண்டியிருந்தால் ஓப்பன்கிராக் பொருந்தும். சன் நிறுவனத்தில் தொடங்கிய அது, லூசீன் தேடுபொறியையும் யுனிவர்சல் சிடேக்ஸையும் சேர்த்துக் கட்டியது. தனியொருவர் வேலைக்கு அது தேவையில்லாத சுமை.

ஆவணமாக்கக் கருவிகள்

டிமிட்ரி வான் ஹீஷ் 1997-இல் வெளியிட்ட டாக்சிஜென் இன்றுவரை சி++ உலகின் இயல்பான தேர்வாக இருக்கிறது. ஜாவா, பைத்தான், பிஎச்பி, ஃபோர்ட்ரான் ஆகியவற்றையும் அது வாசிக்கும். எச்டிஎம்எல், லாடெக், ஆர்டிஎஃப், எக்ஸ்எம்எல் என்று பல வடிவங்களில் தரும். குறிப்புரையே இல்லாத நிரலிலும் அதற்கு ஒரு பயன் உண்டு. விளக்கம் இல்லாதவை உட்பட எல்லாவற்றையும் எடுக்கும் அமைப்பை இயக்கி, படம் வரையும் கிராஃப்விஸ் தொகுப்பின் ‘டாட்’ கருவியை உடன் நிறுவி, படங்களுக்கான அமைப்புகளையும் இயக்கினால், ஹெடர் கோப்புகள் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்ளும் படமும், கிளாஸ்களின் மரபுவழிப் படமும், செயற்கூறுகளின் அழைப்புப் படமும் கிடைக்கும். புதிய நிரலில் முதல் நாள் நான் பார்க்க விரும்புவது ஹெடர் படத்தைத்தான். அடுக்கு அடுக்காக அமைந்ததாகச் சொல்லப்படும் நிரலில், அடித்தளக் கோப்பு ஒன்று மேல்தளக் கோப்பைச் சேர்த்துக்கொண்டிருப்பதை அந்தப் படம் சொல்லிவிடும். கூட்டத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அழைப்புப் படத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சி நிரலில் பல அழைப்புகள் செயற்கூறு பாயின்டர் வழியாக நடக்கின்றன: ஓர் அட்டவணையில் பத்துச் செயற்கூறுகளின் முகவரிகள் இருக்கும், வரும் செய்தியின் எண்ணுக்கேற்ப அவற்றில் ஒன்று அழைக்கப்படும். டாக்சிஜெனின் படத்தில் அந்தப் பத்தும் யாராலும் அழைக்கப்படாதவையாகத் தெரியும். அதை நம்பி ‘பயன்படாத நிரல்’ என்று நீக்கத் துணிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாயின்டரை நிரப்பும் அட்டவணை இணைப்பின்போது பிழை எழுப்பியதால் மட்டுமே தப்பினார்கள்.

எல்லாவற்றையும் எடுக்கும் அந்த அமைப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. அதை இயக்கியவுடன், விளக்கம் எழுதப்படாத உறுப்புகளைப் பற்றிய எச்சரிக்கை தானாகவே அணைந்துவிடும். எல்லாம் ஆவணமாக்கப்பட்டவையாகவே கருதப்படும். படித்துப் புரிந்துகொள்ளும் கட்டத்தில் அந்த அமைப்பு உதவும். ஆவணத்தைப் பேணும் கட்டத்தில் அது கேடு, ஏனெனில் எங்கே குறை என்று சொல்லும் ஒரே குரலை அது அடக்கிவிடுகிறது. இரண்டு தேவைகளுக்கும் இரண்டு தனி அமைப்புக் கோப்புகள் வைத்துக்கொள்வதே சரி. பலர் ஒரே கோப்பில் இரண்டையும் சமாளிக்க முயன்று எதிலும் நிறைவு காண்பதில்லை.

எச்சரிக்கைகள் எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளீட்டின் பெயரை நிரலில் மாற்றிவிட்டு குறிப்புரையில் மாற்ற மறந்தால் டாக்சிஜென் சொல்லிவிடும். பொருள் மாறினால் சொல்லாது. நான் ஒருமுறை இரண்டு நாள்களைத் தொலைத்தது இப்படித்தான்: காத்திருப்பு நேரம் என்ற உள்ளீட்டுக்கு ‘நொடிகளில்’ என்று அழகாக எழுதப்பட்டிருந்தது, யாரோ ஒருவர் உள்ளே அதை மில்லிநொடியாக மாற்றிவிட்டிருந்தார், நான் ஐந்து என்று கொடுத்தேன். ஐந்து நொடிக்குப் பதிலாக ஐந்து மில்லிநொடியில் இணைப்பு துண்டிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆவணப் பக்கமோ குறையே இல்லாமல் அச்சாகியிருந்தது.

இந்த இடைவெளியை ஓரளவு அடைப்பவை, ஆவணத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டு நிரலை ஓட்டிப் பார்க்கும் கருவிகள். பைத்தானின் டாக்டெஸ்ட் 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே இதைச் செய்கிறது. ரஸ்ட் மொழியில் இது இயல்பிலேயே அமைந்துவிட்டது: நூலகத்தின் சோதனைகளை ஓட்டும்போது குறிப்புரைகளில் உள்ள எடுத்துக்காட்டுகளும் கம்பைல் செய்யப்பட்டு ஓட்டப்படும், பொய்யாகிப்போன எடுத்துக்காட்டு சோதனையில் தோல்வியாகத் தெரியும். ஆவணமாக்கக் கருவிகளில் நான் மிகவும் மதிக்கும் ஒற்றை வசதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சி++ பக்கத்தில் இதற்கு இணையாக எதுவும் டாக்சிஜெனோடு வருவதில்லை. சோதனைக் கோப்பில் இருக்கும் நிரல் துண்டை ஆவணத்துக்குள் இழுத்துக்கொள்ளும் வசதியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஸ்ஃபிங்க்ஸ் வேறு திசையிலிருந்து வருகிறது. பைத்தான் மொழியின் ஆவணத்துக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட அது, முதலில் நூல் எழுதும் கருவி. நிரலிலிருந்து குறிப்புகளை எடுப்பது அதற்கு இரண்டாம் வேலை. அத்தியாயங்கள், குறுக்கு மேற்கோள்கள், சொல்லடைவு என்று உரைநடை ஆவணத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் நேர்த்தியாக இருக்கின்றன. லினக்ஸ் கெர்னல் 2016-இல் தன் ஆவணங்களைப் பழைய டாக்புக் முறையிலிருந்து ஸ்ஃபிங்க்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. சி நிரலிலிருந்து குறிப்புரைகளை எடுப்பதற்கு மட்டும் கெர்னலுக்கென்றே உள்ள ஒரு ஸ்கிரிப்டைத் தொடர்ந்து பயன்படுத்துகிறது. டாக்சிஜென் தரும் எக்ஸ்எம்எல்லை ஸ்ஃபிங்க்ஸுக்குள் கொண்டுவரும் ‘பிரீத்’ என்ற நீட்சியும் இருக்கிறது. இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்பது உண்மை. அமைப்புக் கோப்புகளும் இரண்டாகும், பதிப்பு முரண்பாடுகளும் கூடும் என்பதும் உண்மை. ஆவணத்துக்கென்று ஒருவராவது நேரம் ஒதுக்கும் குழுவுக்கே இந்த இணைப்பைப் பரிந்துரைப்பேன்.

பைத்தான் நிரலுக்கு ஸ்ஃபிங்க்ஸைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அதன் ஆட்டோடாக் நீட்சி உங்கள் மாட்யூல்களை உண்மையிலேயே இறக்குமதி செய்கிறது. அதாவது மேல்மட்டத்தில் எழுதப்பட்ட கட்டளைகள் ஓடும். கோப்பின் மேல்மட்டத்திலேயே தரவுத்தளத்தோடு இணையும் பழக்கமுள்ள நிரலில், ஆவணம் உருவாக்கப் போய்த் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பிவிடுவீர்கள். இல்லாத நூலகங்களுக்குப் பொய்யுரு வைக்கும் அமைப்பு அதில் உண்டு. நிரலை ஓட்டாமல் வெறுமனே வாசிக்கும் ஆட்டோஏபிஐ என்ற மாற்று நீட்சியும் உண்டு. பழைய நிரலுக்கு நான் இரண்டாவதையே தேர்வேன்.

ஜாவா, கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதுபவர்களுக்குத் தேர்வு என்ற சிக்கலே இல்லை. மொழியோடு வரும் கருவியையே பயன்படுத்த வேண்டும். சக நிரலாளர்கள் எதிர்பார்க்கும் வடிவம் அதுதான். ஜாவாடாக் மட்டும் பழைய நிரலுக்கு ஒரு சிறு அதிர்ச்சி தரும்: 2014-இல் வந்த ஜாவா 8-இலிருந்து அது குறிப்புரைகளைக் கண்டிப்பாகச் சரிபார்ப்பதால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஆவண உருவாக்கம் மூடப்படாத ஓர் எச்டிஎம்எல் குறிக்காக நின்றுவிடலாம்.

பிழை காணும் கருவிகள்

நிரலை ஓட்டாமல் பிழை தேடும் வழக்கம் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லின்டிலிருந்து, அதாவது 1970-களின் இறுதியிலிருந்து வருகிறது. இவற்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதற்கு 2014-ஆம் ஆண்டு இரண்டு பாடங்களைத் தந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பாதுகாப்புப் பிழையில், ‘கோட்டு ஃபெயில்’ (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது அதே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தாலும் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி எட்டப்படாமலேயே போயிற்று. எட்ட முடியாத நிரல் இது என்று சொல்லும் எச்சரிக்கை கிளாங் கம்பைலரில் இருந்தது. வழக்கமாக இயக்கும் எச்சரிக்கைத் தொகுதியில் மட்டும் அது இல்லை. இன்னொரு கம்பைலரான ஜிசிசியின் 6 பதிப்பிலிருந்து, ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டும் எச்சரிக்கை அந்தத் தொகுதியிலேயே சேர்ந்துவிட்டது.

ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் கதை வேறு. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், மறுமுனையிலிருந்து வந்த நீள எண்ணை நம்பி நினைவகத்தைப் படியெடுத்த அந்தப் பிழையை, விலையுயர்ந்த கவரிட்டி உட்பட, நிரலை ஓட்டாமல் பிழை தேடும் கருவிகள் அதுவரை பிடிக்கவில்லை. பிழை வெளியான பிறகு, பைட் வரிசை மாற்றப்படும் எண் பெரும்பாலும் வலையிலிருந்து வந்ததாகவே இருக்கும் என்ற ஊகத்தைக் கவரிட்டி தன் விதிகளில் சேர்த்தது. அதன் பின் பிடித்தது. கருவியில் எந்த விதி இருக்கிறதோ அந்தப் பிழைதான் அகப்படும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் சி++ குழுவின் தேர்வு பெரும்பாலும் சிபிபிசெக்குக்கும் கிளாங்-டைடிக்கும் இடையில்தான். பொய் எச்சரிக்கையைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட சிபிபிசெக், கம்பைல் ஆகாத நிரலிலும் வேலை செய்யும். நிபந்தனைக் கம்பைலின் வெவ்வேறு சேர்க்கைகளைத் தானே மாற்றி மாற்றிப் பார்ப்பதும், ஒரு கோப்புக்கு இயல்பாகப் பன்னிரண்டு சேர்க்கைகள் வரை செல்வதும் அதன் தனிச்சிறப்பு. கிளாங்-டைடி கட்டளைப் பட்டியலில் உள்ள ஒரே சேர்க்கையைத்தான் பார்க்கும். ஆனால் அதை முழுமையாகப் புரிந்துகொண்டு பார்க்கும், பல இடங்களில் திருத்தத்தையும் தானே செய்துதரும். ஒரே நிரல் பல வன்பொருள்களுக்கு உருமாறும் இடத்தில் சிபிபிசெக்கை முன்னிறுத்துவேன். நவீன சி++ எழுதும் குழுவுக்குக் கிளாங்-டைடியை. இரண்டும் சேர்ந்து ஓடுவதில் தவறில்லை.

கோட்கியூஎல் வேறு தளத்தில் நிற்கிறது: நிரலைத் தரவுத்தளமாக மாற்றி, அதன் மீது வினவல் எழுத விடுகிறது. பாதுகாப்புப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அதே வகைப் பிழை வேறெங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுபவருக்கு அதற்கு நிகர் குறைவு. வினவல் மொழியைக் கற்க ஆள் இல்லாத குழு அதன் ஆயத்த விதிகளோடு நின்றுவிடும். திறமூலத் திட்டங்களுக்கு இலவசம், தனியார் நிரலுக்குக் கட்டணம் என்பதால் உரிம விதியைப் படித்துவிட்டே நிறுவ வேண்டும். செம்கிரெப் கம்பைல் கேட்காது, வடிவத்தை எழுதினால் தேடித் தரும். குழுவின் சொந்த விதிகளுக்கு அது எளிய வழி.

எதைத் தேர்ந்தாலும் முதல் ஓட்டத்தில் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். அவற்றை வரிசையாகத் தீர்க்க உட்காருவது வேலை செய்துகொண்டிருக்கும் நிரலைக் கெடுப்பதற்கு நிச்சயமான வழி. மாற்றிய வரிகளில் மட்டும் எச்சரிக்கை காட்டும்படி அமைக்க வேண்டும். கிளாங்-டைடியோடு வரும் ஒரு ஸ்கிரிப்ட் அதைச் செய்கிறது, நிரலின் தரத்தை அளக்கும் சோனார்கியூப் புதிய நிரலை மட்டும் தனியே மதிப்பிடுகிறது. சோனார்கியூபின் மதிப்பெண் பலகை மேலாளர்களுக்குப் பிடிக்கும். 1976-இல் மெக்கேப் வகுத்த சிக்கல் அளவுகோல் போன்ற எண்களை அது அழகாக வரைந்து காட்டும். எந்தச் செயற்கூற்றை முதலில் படிக்கக் கூடாது என்பதற்கு மட்டுமே அந்த எண் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

எல்லாம் ஒன்றில், மற்றும் இயந்திர விளக்கம்

அண்டர்ஸ்டாண்ட், சோர்ஸ் இன்சைட் போன்ற கட்டணக் கருவிகள் தேடல், படம், அளவீடு ஆகியவற்றை ஒரே சாளரத்தில் தருகின்றன. கம்பைல் ஆகாத பழைய நிரலை நாள்தோறும் வாசிப்பதே தொழிலாக உள்ளவருக்கு அந்தக் கட்டணம் வீணல்ல. ஆனால் கருவியின் ஆயுளையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிரலைப் படமாக உலவ விட்ட சோர்ஸ்டிரெயில் 2019-இல் திறமூலமாக்கப்பட்டது. 2021-இன் இறுதியில் அதை உருவாக்கியவர்களே பேணுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் சேர்த்துவைத்த புக்மார்க்குகள் அதோடு போயின. டாக்சிஜெனுக்காக எழுதிய குறிப்புரை, டாக்சிஜென் மறைந்தாலும் நிரலுக்குள்ளேயே இருக்கும்.

மொழி மாதிரிகளைக் கொண்டு எல்லாச் செயற்கூறுகளுக்கும் ஒரே இரவில் குறிப்புரை எழுதிவிடலாம் என்ற யோசனை இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. புரியாத ஒரு செயற்கூற்றை விளக்கச் சொல்லிக் கேட்பது நல்ல உதவி, நானும் கேட்கிறேன். அந்த விடையை அப்படியே நிரலில் எழுதிச் சேர்ப்பதை ஏற்க மாட்டேன். நிரலைப் பார்த்து எழுதியது நிரல் சொல்வதையே திருப்பிச் சொல்லும். அந்த எண் ஏன் முப்பத்தேழு, அந்தப் பூட்டை ஏன் முன்பே எடுக்க வேண்டும் என்பவை நிரலில் இல்லாததால்தான் குறிப்புரை தேவைப்படுகிறது. மேலும், அது சேர்ந்த பிறகு விளக்கமில்லாத இடங்களைச் சுட்டும் எச்சரிக்கையும் மௌனமாகிவிடும்.

மூன்று லட்சம் வரிக் குழுவுக்கு

முதலில் சொன்ன குழுவுக்குத் திரும்பினால், என் தேர்வு இந்த வரிசையில் அமையும். முதல் வாரத்தில் நிரலைக் கம்பைல் செய்து கட்டளைப் பட்டியலை எடுக்க வேண்டும்; முடியாவிட்டால் அந்த முயற்சிக்கு எல்லை வைத்துவிட்டு சிடேக்ஸ், சிஸ்கோப், சிபிபிசெக் என்ற மூன்றோடு தொடரலாம். பட்டியல் கிடைத்துவிட்டால் எல்லோருடைய எடிட்டரிலும் கிளாங்டியை இணைத்து, களஞ்சியத்தில் மாற்றிய வரிகளுக்கு மட்டும் கிளாங்-டைடியை ஓட விடலாம். டாக்சிஜெனை முதல் மாதத்தில் படங்களுக்காக மட்டும், எல்லாவற்றையும் எடுக்கும் அமைப்போடு ஓட்டினால் போதும். வெளியாருக்கு வழங்கும் நூலகம் என்றால் மட்டும் இந்த வரிசை தலைகீழாகும்; அங்கே ஆவணமே விற்பனைப் பொருளின் பாதி என்பதால் ஸ்ஃபிங்க்ஸும் பிரீத்தும் முதல் நாளிலேயே வர வேண்டும்.

ஆவணம் எழுதத் தொடங்கும் நாளில் எங்கே தொடங்குவது என்பதையும் கருவியே சொல்லட்டும். வேறு கோப்புறைகளிலிருந்து மிக அதிகமாக அழைக்கப்படும் இருபது செயற்கூறுகளைச் சிஸ்கோப்பைக் கொண்டோ கிளாங்டியைக் கொண்டோ கண்டுபிடித்து, அவற்றின் ஹெடர் அறிவிப்புக்கு மேலே நான்கு விவரங்களை மட்டும் எழுதுங்கள்: ஒவ்வோர் எண்ணின் அலகு, தரப்படும் நினைவகத்தை விடுவிக்க வேண்டியவர் யார், வெற்றுப் பாயின்டர் கொடுக்கலாமா, இணையாக ஓடும் வேறு த்ரெட்டிலிருந்து அழைக்கலாமா. பிறகு அந்த ஹெடர் கோப்புகளுக்கென்று இரண்டாவது டாக்சிஜென் அமைப்புக் கோப்பை உருவாக்கி, எல்லாவற்றையும் எடுக்கும் அமைப்பை அணைத்து, எச்சரிக்கை வந்தால் கம்பைலையே நிறுத்தும்படி அமையுங்கள். மற்ற கோப்புறைகள் காத்திருக்கலாம்.